இன்ஷிராஹ், ஏணியைப் பிடி

காலையில் நான் கடை திறந்ததும் முதலில் வந்து நிற்பவர் ஷெஹாத்தாதான். இத்தனை வருடத்தில் ஒரு சார்ஜர்கூட என்னிடம் வாங்கியதில்லை. எங்கள் ஊர் ஸிஃப்தாவிலிருந்து தான்தா நகரத்துக்கு வேன் ஓட்டுகிற மனிதர், முதல் சவாரிக்குப் புறப்படும்முன் தன் போனை என் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார்.

"உம்மு ஜலால், ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"ஏன், உங்க கண்ணுக்கு என்ன கேடு?"

"நானே பாத்தா என் கண்ணே பட்டுடும். நீங்க பாருங்க."

பார்ப்பேன். முந்தைய நாள் அவர் போட்ட வீடியோவை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் பார்த்திருப்பார்கள். அதில் ஒன்று அவர் மச்சான், ஒன்று நான். "ரெண்டு பேரு கூடியிருக்காங்க" என்பேன். "பிடிச்சிடும், போகப் போகப் பிடிச்சிடும்" என்று மீசையைத் தடவிக்கொண்டு போய் வேனைக் கிளப்புவார். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. சில நாள் இரண்டை ஐந்தாக்கிச் சொல்லியிருக்கிறேன்.

மனிதர் வாயைத் திறந்தால் சிரிக்காதவன் கிடையாது. வேன் நிறுத்தத்தில் முன்னால் இரண்டு வண்டி காலியாக நின்றாலும், ஷெஹாத்தாவின் வண்டிக்கு முறை வரட்டும் என்று காத்திருந்து ஏறுகிற ஆட்கள் உண்டு. தான்தா போய்ச் சேரும்வரை வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதனால்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது. "பதினாலு பேர வண்டிக்குள்ள சிரிக்க வைக்கிறவன், பதினாலாயிரம் பேர போனுக்குள்ள சிரிக்க வைக்க முடியாதா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் போனை எதிரே வைத்தால் போதும், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவரைப் போல முகம் இறுகிவிடும். குரல் பள்ளிக்கூட வாத்தியார் குரலாகிவிடும். இது அவருக்குத் தெரியாது. யார் சொல்வது?

இரண்டு வருடம் விடாமல் போட்டார். பனிமூட்டத்தில் வேன் ஓட்டுவது எப்படி என்று போட்டார். மச்சானுக்குப் பெண் வேடம் கட்டி, சில்லறை இல்லாமல் ஏறும் பயணி என்று ஒரு நாடகம் போட்டார். மொட்டை மாடியில் புறாக்கூண்டின் முன்னால் நின்று, எந்த சீட்டிக்கு எந்தப் புறா இறங்கும் என்று போட்டார். பாட்டுப் பாடியும் போட்டார். ஒன்றும் எடுபடவில்லை. அதே நேரத்தில், ஆற்றுக்கு அக்கரையில் மித் கம்ரில், எவனோ ஒருவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான், மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஷெஹாத்தா அந்தக் கொட்டாவியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சூட்சுமம் இருக்கு, உம்மு ஜலால்?" என்று என்னைக் கேட்டார். பிறகு ஒரு வாரம் வேன் கண்ணாடியில் பார்த்துக் கொட்டாவி பழகினார். அதையும் போட்டார். அதுவும் போணியாகவில்லை.

அவர் மனைவி உம்மு வஜீஹுக்கு இதெல்லாம் விளையாட்டு. மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழே என் போன் கடை, நடுவில் என் வீடு, மேலே அவர்கள். அவர்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, அதில் பலகை அடித்து உயரக் கட்டிய புறாக்கூண்டு. "இந்த மனுஷனுக்குப் புறா ஒரு சக்களத்தி, போன் ஒரு சக்களத்தி. நான் யாரோட சண்டை போடுறது?" என்று சொல்லிச் சிரிப்பாள். கெட்டிக்காரி, கொஞ்சம் ரோஷக்காரி. பேச்சு வீட்டோடு சரி. ரேஷன் ரொட்டிக்கு வரிசையில் நின்றாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பாள்.

அவள் பெயர் இன்ஷிராஹ். இந்தத் தெருவில் அது எனக்குத் தெரியும், அவள் வீட்டாருக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய தாயின் பெயரோ பெண்டாட்டியின் பெயரோ தெருவில் உருளக்கூடாது. பிள்ளையின் பெயரோடு சேர்த்து, அம்மாவை உம்மு என்றும் அப்பாவை அபூ என்றும்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுடைய அம்மா பெயரை இன்னொரு பையன் தெரிந்துகொண்டால் அன்றைக்கு மூக்கில் ரத்தம் வராமல் போகாது. அவர்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட அவள் பெயர் கிடையாது, ஹாஜி மஹ்ரூஸின் மகள் என்றுதான் இருக்கும். இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். என் பெயரும் இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் நான் ஒன்றும் இளைத்துப்போகவில்லை.

ஆனால் கதவைச் சாத்திய பிறகு ஷெஹாத்தா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். மாடிப்படியில் ஏறும்போது எனக்கே கேட்டிருக்கிறது. இன்ஷிராஹ், தேத்தண்ணி. இன்ஷிராஹ், என் சாவிய எங்க வச்சேன். ஒரு முறை அவளே என்னிடம் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "அவரு கூப்பிடுறப்பதான் எனக்கே அந்தப் பேரு ஞாபகம் வருது. மத்தவங்களுக்கு நான் வஜீஹோட அம்மா. அவருக்கு மட்டும்தான் நான் நானு."

கோடைகாலத்தில் ஒரு மத்தியானம், ஷெஹாத்தா போனைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஏணியில் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். அன்றைய பாடம், புறா வளர்ப்பவனுக்கு நிதானம் எவ்வளவு முக்கியம் என்பது. முகம் வழக்கம்போல இறுகித்தான் இருந்தது. "நண்பர்களே, எது நடந்தாலும் பதறக் கூடாது" என்றார். அந்த வார்த்தை முடியும்முன் காலடியில் ஏணிப்படி முறிந்தது. கூண்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார். நீள அங்கி ஆணியில் மாட்டி இடுப்புவரை தூக்கிக்கொண்டது. புறாக்கள் மொத்தமும் அவர் தலைக்குமேல் படபடத்துப் பறந்தன.

"இன்ஷிராஹ்! ஏணி! இன்ஷிராஹ், நான் செத்தேன், ஏணியைப் பிடி!"

கீழே சமையலறை ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. "இருங்க, பூண்டு கருகிடும். கொட்டிட்டு வர்றேன்."

அன்றைக்கு அவர்கள் வீட்டில் மொலோக்கியா கீரை. பூண்டைத் தாளித்துக் கீரையில் கொட்டும் நொடியில், சமைப்பவள் மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்கவேண்டும், அப்போதுதான் ருசி இறங்கும் என்று எங்கள் வீடுகளில் அதை விடமாட்டோம். அவளும் விடவில்லை. புருஷன் அந்தரத்தில் தொங்க, சுர்ரென்று தாளிப்பு விழும் சத்தம், கூடவே அவள் மூச்சை இழுக்கும் சத்தம். அதற்குப் பிறகு தடதடவென்று படியில் அவள் செருப்பு ஓடிவரும் சத்தம். அத்தனையும் போனில் விழுந்திருந்தது. அவள் வந்து ஏணியை முட்டுக்கொடுத்துப் பிடித்தாள், அவர் இறங்கினார், இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இதை அவளே எனக்குச் சொன்னாள்.

அதைப் போடலாமா என்று யோசித்துத்தான் போட்டார். கவனமில்லாதவர் என்று அவரைச் சொல்லமுடியாது. அங்கி தூக்கிக்கொண்டதில் தன் கால் தெரிகிறதே என்று அந்த இடத்தில் பெரிய ரோஜாப்பூ ஒன்றை ஒட்டினார். மனைவி வந்து நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தினார். அவள் கைவிரல் நுனிகூடத் தெரிகிறதா என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். செருப்புச் சத்தத்தோடு முடியும்படி வெட்டினார். பெயர் மட்டும் அவர் காதில் விழவே இல்லை. இருபத்தைந்து வருடமாக வீட்டுக்குள் அவர் விடும் மூச்சு அது. தன் மூச்சு யாருக்காவது காதில் விழுமா?

மறுநாள் காலை அவர் முதுகைத் திருப்பி நின்றார். நான் போனைப் பார்த்தேன், என் கண்ணையே நம்பமுடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"அபூ வஜீஹ், இது ஏறல. பறக்குது."

"எவ்வளவு?"

"நாலு லட்சம். நான் சொல்றதுக்குள்ள ஏறுது."

திரும்பினார். எண்ணைப் பார்த்தார். கடை வாசலிலேயே மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் வீடியோவைத் திறந்து சத்தம் வைத்துக் கேட்டேன். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் சத்தத்தை அணைத்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வேனில் ஏறிவிட்டார். பிறகு அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அது அவர் கையில் இல்லை, யார் கையிலும் இல்லை. கோல் விட்ட கோல்கீப்பரின் படத்துக்கு அவர் அலறலை ஒட்டினார்கள். அலமாரியிலிருந்து விழும் பூனைக்கு ஒட்டினார்கள். மணமேடையில் மாப்பிள்ளை திருதிருவென்று விழிப்பதற்கு ஒட்டினார்கள். கல்யாணங்களில் மேளம் போடுகிற எவனோ ஒருவன் அந்த அலறலையும் பூண்டையும் மூச்சையும் வெட்டிச் சேர்த்து, கீழே மேளத்தை அடித்து, ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டான். அந்தக் கோடையில் தெற்கே அஸ்வான்வரை எந்தக் கல்யாணத்திலும் அது இல்லாமல் ஆட்டமில்லை என்றார்கள். வேனில் ஏறுகிறவர்கள் இறங்குமிடம் வந்தால், ஓரமா நிறுத்துங்க என்று சொல்வதை விட்டுவிட்டு, "இன்ஷிராஹ், ஏணி" என்றார்கள். முதல் இரண்டு நாள் ஷெஹாத்தாவும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வருடம் பசித்துக் கிடந்தவர், தட்டில் விழுந்ததை உடனே ஆராய்வாரா?

இதில் கொடுமை என்னவென்றால், வந்த கூட்டம் தன்னைப் பார்க்க வந்தது என்று அவர் நம்பியதுதான். புதிதாக ஒரு ஏணி வாங்கி, கீழே மெத்தை போட்டு, வேண்டுமென்றே விழுந்து ஒரு வீடியோ போட்டார். சீந்துவாரில்லை. புறாச் சீட்டியை மறுபடியும் போட்டார். "இன்ஷிராஹ் எங்கே?" என்று நாலு பேர் எழுதினார்கள். அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தபோதுதான் மனிதருக்கு முதல் முறையாக உறைத்தது. போனைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"உம்மு ஜலால், நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?"

அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டி வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவன் தன் கூட்டாளியிடம், "பூண்டு கருகிடப் போகுது, சீக்கிரம் வாங்கிட்டுப் போகட்டும், இன்ஷிராஹுக்கு வழி விடுடா" என்றிருக்கிறான். வரிசை மொத்தமும் சிரித்திருக்கிறது. ரொட்டிக்காரரும் சிரித்திருக்கிறார். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டாள். அன்று மாலை கேஸ் வண்டிக்காரன், சிலிண்டரில் ஸ்பானரால் தட்டிக்கொண்டே போகிறவன், தட்டுக்கு நடுவே அதையே கூவிக்கொண்டு எங்கள் தெருவில் நுழைந்தான். டங் டங், இன்ஷிராஹ், ஏணி. நான் வெளியே போய் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன்? ஊரே சொல்லுது" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை.

அவர்கள் மகன் வஜீஹ் அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தான். கல்யாண வயசுப் பிள்ளை, பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். பட்டறையில் அவனை வஜீஹ் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, இன்ஷிராஹ் மகனே என்றார்கள். ஒருநாள் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டான். வேலை போனது. அன்று அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன்.

"அப்பா, அந்தப் பேரு எனக்கே வாயில வராது. எங்கம்மாவ நான் பேரு சொல்லி நெனச்சதுகூட இல்ல. இன்னைக்கு எவன் எவனோ அதச் சொல்லிக்கிட்டு இடுப்ப ஆட்டுறான்."

"டேய், நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான். நீங்க வேணும்னு செஞ்சத எவன் பாத்தான்?"

ஷெஹாத்தா எழுந்து மாடிக்குப் போனார். பையன் சொன்னது அவருக்குப் பட்ட இடம் எனக்குத் தெரியும். மறுநாள் வஜீஹ் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஹுர்கதாவுக்குப் போய்விட்டான், அங்கே ஓட்டல் கட்டுகிற இடத்தில் வேலை என்று. அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான்.

அவன் போன அன்று அவன் அம்மா தன் புருஷனிடம் சொன்னது இது. பிறகு இருவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், இருவர் சொன்னதிலும் ஒரு வார்த்தை மாறவில்லை.

"அந்தப் பேர நீங்க தெருவுக்குக் குடுத்துட்டீங்க. இனிமே அது என்னோடது இல்ல. நீங்களும் அதச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் உம்மு வஜீஹ் என்றுதான் கூப்பிட ஆரம்பித்தார். "என்னமோ விருந்தாளி வீட்டுல தங்கியிருக்கிற மாதிரி இருக்கு" என்றார் என்னிடம். சிரிக்கிற முகம்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. வேனில் பேச்சை நிறுத்திவிட்டார். யாரும் அவர் வண்டிக்கு முறை வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

ஒருநாள் சவாரி முடிந்து வந்தவர், ஒரு வீடியோ எடுக்கவேண்டும், போனை நீங்கள் பிடியுங்கள் என்றார். வேனின் ஓட்டுநர் இருக்கையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சகோதரர்களே, சகோதரிகளே, நான்தான் அந்த ஏணிக்காரன். உங்க எல்லாருக்கும் அம்மா இருக்காங்க. அவங்க பேரு உங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. என் வீட்டுக்காரியோட பேர நான் என் முட்டாத்தனத்தால கீழ போட்டுட்டேன். அதக் குனிஞ்சு எடுத்து எங்கிட்ட குடுங்க. யார்கிட்ட அந்த சத்தம் இருந்தாலும் அழிச்சிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்." அவ்வளவுதான் பேசினார். முகத்தில் அந்த இறுக்கம் இல்லை, வாத்தியார் குரல் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகப் போனுக்கு முன்னால் அவர் அவராக இருந்தார். கல்லும் கரையும், இது ஊரெல்லாம் போகும் என்று நினைத்தேன்.

முப்பது பேர் பார்த்தார்கள். ஒருவன் எழுதியிருந்தான்: "இதில் ஏணி எப்போது வரும்?"

அந்த எழுத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். கொட்டாவிக்கு மூன்று லட்சம். ஒரு மனிதன் தொப்பியைக் கழற்றிக் கெஞ்சினால் முப்பது. இந்தப் போனுக்குள்ளே உட்கார்ந்து எந்த வீடியோ போகணும், எது நிற்கணும் என்று சொல்கிறவன் எவனோ, அவன் வீட்டுப் பெண்களின் பெயர் என்ன என்று கேட்கவேண்டும்போல் இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க, உம்மு ஜலால். மொத்தத்தையும்."

"புறாச் சீட்டியெல்லாம் இருக்கே, அபூ வஜீஹ். நீங்க பாடினது இருக்கே."

"ஒண்ணும் வேணாம்."

உறுதியா என்று போன் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். அழித்தேன். அந்தப் போனையே விற்றுவிட்டு, பட்டன் போன் ஒன்றை என்னிடம் வாங்கினார். என் கடையில் அவர் வாங்கிய முதல் பொருள். அவர் போட்டது அழிந்தது. மற்றவர்கள் எடுத்து ஒட்டியது அழியவில்லை. கல்யாண மேளம் ஓயவில்லை, தெரு ஓயவில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அந்தப் பெயர் ஏதாவது ஒரு போனிலிருந்து கிளம்பி மேலே ஜன்னல் வழியாக ஏறும். அவள் ஜன்னலைச் சாத்துவாள். ரேடியோவில் குர்ஆன் ஓதுவதைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். சாத்துவதும் வைப்பதும் அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

மழைக்காலம் தொடங்குமுன், மாடியில் நிற்கும் அந்த ஏணியைப் பார்க்கவே முடியவில்லை என்று அவள் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். ஏணி இல்லாமல் கூண்டு எதற்கு என்றாராம் அவர். புறாக்களைத் தான்தாவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கூண்டைப் பிரித்துப் போடுகிறேன் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனார். அந்தப் புறாக்களை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக அதையும் விட்டார்.

நான் அன்று அக்கரையில் என் தங்கை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது மாடிப்படியில் கூட்டம். அடிப்பலகையைப் பெயர்த்ததும் மேல்தட்டு அவரோடு சரிந்திருக்கிறது. கூண்டுக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் விழுந்திருக்கிறார். வெளியே தெரியவில்லை. துணி எடுக்க அவள் மாடிக்குப் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவ்வளவு நேரமும் அங்கேயே கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் ரத்தம் என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கேட்டுச்சு, உம்மு ஜலால்."

"என்ன கேட்டுச்சு?"

"இன்ஷிராஹ்னு கேட்டுச்சு. ரெண்டு தடவை. நான் அரிசி களைஞ்சிட்டிருந்தேன். அவருதான் அந்தப் பேரச் சொல்றதில்லையே. மாசக்கணக்கா சொல்றதில்லையே. அது அவரா இருக்காதுன்னு நெனச்சேன். தெருவுல எவனோ போன போட்டிருக்கான்னு ஜன்னலச் சாத்திட்டேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனோம். அவர் விழித்திருந்தார். அவள் குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

"கூப்பிட்டீங்களா? மாடியில கிடந்தப்ப, என்னக் கூப்பிட்டீங்களா?"

ஷெஹாத்தா கூரையைப் பார்த்தார். "இல்லியே. நான் கூப்பிடல. நீ சொல்லாதேன்னல்ல."

அவர் பொய் சொன்னால் கூரையைப் பார்ப்பார். அது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? மறுநாள் விடியுமுன் போய்விட்டார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னபோது நிறுத்தத்தில் ஒரு வேனும் கிளம்பவில்லை. வஜீஹ் ஹுர்கதாவிலிருந்து வந்து, தெருவில் போட்ட துக்கப் பந்தலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். கேஸ் வண்டிக்காரனும் வந்தான். பையனைக் கட்டிக்கொண்டு அவன் அழுததைப் பார்த்தால் ஷெஹாத்தா அவனுக்குக் கூடப்பிறந்தவர் என்று நினைக்கத் தோன்றும். அன்றிலிருந்து அவன் எங்கள் தெருவில் வெறும் தட்டுச் சத்தத்தோடு போகிறான்.

போன வாரம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவள் வந்தாள். கறுப்பு அங்கி, கறுப்பு முக்காடு. கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே, அவர் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"அத உன் போன்ல போடு."

"எத?"

"அதத்தான்."

"வேணாம், சொன்னாக் கேளு."

"அவரு குரல் வேற எங்க இருக்கு? சீட்டி, பாட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டீங்கன்னு சொன்னியே."

தேடிப் போட்டேன். கல்யாண மேளம் வைத்ததுதான் முதலில் வந்தது. மேளத்துக்கு நடுவே அவர் அலறினார். இன்ஷிராஹ், ஏணி, நான் செத்தேன். அவள் குரல், பூண்டு கருகிடும், கொட்டிட்டு வர்றேன். சுர்ரென்ற சத்தம், மூச்சு. மறுபடியும் முதலிலிருந்து மேளம். அவள் அசையாமல் கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மூன்று முறை சுற்றி வந்த பிறகு கேட்டாள்.

"இதுக்கப்புறம் நான் படியில ஓடி வருவேனே. செருப்புச் சத்தம் கேக்குமே. அது எங்க?"

"அத வெட்டிட்டாங்கம்மா. பாட்டுக்கு அது தேவைப்படல."

"பூனை போட்டதுல?"

பூனையைப் போட்டேன். கோல்கீப்பரைப் போட்டேன். மாப்பிள்ளையைப் போட்டேன். எல்லாவற்றிலும் அவள் மூச்சை இழுப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒன்றிலும் அவள் ஓடிவரவில்லை.

"ஓடி வந்தேன் உம்மு ஜலால். அன்னைக்கு ஓடித்தான் வந்தேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எவனாவது ஒருத்தன் முழுசா வச்சிருப்பான். நீ தேடிப் பாரு. மேளம் இருந்தா இருக்கட்டும்."

தினமும் கடை திறந்ததும் தேடுகிறேன். ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. இதை எழுதும்போது அவளிடம் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். போடு, அவரு வச்சுக் கூப்பிட்ட பேருதானே என்றாள். இன்று காலையும் வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவருக்குச் சொன்னதைப் போல இவளுக்கு ஒரு பொய் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.